பொருந்துறது வேற, சேருறது வேற

சனிக்கிழமை காலை எண்டால் எங்கட தலைமுறைப் பெற்றோருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: பிள்ளையைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டு, வாசலில் காரை நிப்பாட்டிக் கோப்பி குடிப்பது. எங்கள் வீட்டில் போன வருடத்தோடு அது குழம்பிப் போச்சு. காரணம், 1984ஆம் ஆண்டுப் புல்லட் 350 ஒன்று.

அது சித்தப்பாவினுடையது. யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு கராஜில் அப்பாவும் அவரும் ஒரே மேசையில் வேலை செய்தவர்கள். அப்பா 1987இல் கனடாவுக்கு வந்தார். அந்தக் காலத்துத் தமிழ்ச் சனம் பலரைப் போல பார்க்டேலில், ஜேம்சன் அவெனியூவில் ஓர் உயர்ந்த கட்டடத்தில் குடியேறினார். நான் பிறந்தது அங்கேதான். பிறகு எல்லாரும் போன வழியில் நாங்களும் ஸ்காபரோவுக்குப் போனோம். நான் மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு திரும்பி இங்கே வந்தேன். இப்போது குயின் வீதியில் மோமோக் கடைகளைத்தான் காணலாம், இடியப்பத்துக்கு ஸ்காபரோவுக்குத்தான் போக வேண்டும்.

சித்தப்பா ஊரிலேயே நின்றுவிட்டார். 1990க்குப் பிறகு பெற்றோல் வராத காலத்தில் ஹொண்டாவை மண்ணெண்ணெயில் ஓட்டினவர் அவர். காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவது. 1996இல் சென்னைக்குப் போய், வளசரவாக்கத்தில் இருந்துகொண்டு இந்தப் புல்லட்டைப் பழசாக வாங்கினார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு நேரில் கண்டது ஒரே ஒரு தரம், ஒரு கல்யாண வீட்டில், நாலு நாள்.

சித்தப்பா தவறின பிறகு, வண்டியைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கப் போறன் எண்டு சித்தி சொன்னா. இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் நின்று, தனக்கெண்டு எதுவும் கேட்டறியாத அப்பா, போனில் "வேண்டாம், இஞ்ச அனுப்பு" என்றார். பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டி எண்டால் கனடாவின் பாதுகாப்பு விதிகள் குறுக்கே நிற்பதில்லை. குறுக்கே நிற்பது மண்தான். ஊர் மண் ஒட்டியிருக்கிற வாகனத்தை உள்ளே விடமாட்டார்கள். சித்தியும் ஒரு பெடியனும் பல்லுத் தூரிகையால் இரண்டு நாள் தேய்த்திருக்கிறார்கள்.

வந்தது வண்டி அல்ல. ஒரு சட்டமும் மூன்று பெட்டியும். வருத்தம் வருவதற்கு முன் சித்தப்பா எஞ்சினைக் கழற்றத் தொடங்கியிருந்தார். அதோடு புதுப்பேட்டையில் கண்ட சாமான் எல்லாம் வாங்கிச் சேர்க்கிற பழக்கமும் அவருக்கு இருந்திருக்கிறது. பெட்டிகளுக்குள் இரண்டு கிளச், ஒன்றரை கியர்பெட்டி, மூன்று பிஸ்டன். எது எதனுடையது எண்டு எழுதி வைத்த ஒரு துண்டுகூட இல்லை.

காரில் பிளைவீல் எஞ்சினுக்கு வெளியே ஒரு தட்டுப் போல இருக்கும், கிளச் நேரே அதில்தான் அமரும். இந்தப் புல்லட்டில் அப்படியில்லை. இரண்டு கனத்த பிளைவீல்கள் எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே சுற்றுகின்றன, நடுவே கனெக்டிங் ரொட். எஞ்சின் ஷாப்டின் நுனியில் ஒரு சின்ன ஸ்ப்ரொக்கெற், அதிலிருந்து இரட்டைவரிசைச் செயின் ஒன்று கிளச்சுக்கு, கிளச் நிற்பது கியர்பெட்டியின் ஷாப்டில். இங்கிலாந்தில் ரெடிச்சில் வரைந்த இந்த அமைப்பைத்தான் 1955இல் மெட்ராஸ் மோட்டர்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூருக்குக் கொண்டுவந்தார்கள். ரெடிச்சில் மூடிய பிறகும் வடசென்னையில் அதே சாமான் பல பத்தாண்டு வார்க்கப்பட்டது. அதனால் முப்பது வருட இடைவெளியுள்ள இரண்டு சாமான் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். வில்லங்கம் தொடங்குவது அங்கேதான்.

"பொருந்துறது வேற, சேருறது வேற" என்றார் அப்பா, முதல் நாளே. நான் மென்பொருள் எழுதுகிறவன், வெர்ஷன் பிரச்சினை எண்டால் எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை எண்டு நினைத்தேன். ஆனால் என் தொழிலில் சேராத இரண்டு துண்டுகள் உடனே கத்தும். இரும்பு கத்தாது. ஆயிரம் மைல் ஓடி, பிறகு ஒரு நாள் கத்தும்.

பிஸ்டனை எடுங்கள். 350இன் பிஸ்டன் 70 மில்லிமீற்றர் அகலம், 500இனது 84. இரண்டும் மேலும் கீழும் போகிற தூரம் மட்டும் அதே 90. தூரம் ஒன்றுதானே, இதன் பிளைவீலை அதற்குப் போட்டால் என்ன எண்டு கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பிளைவீலின் ஒரு பக்கத்தில் விட்டிருக்கிற பாரம், அந்தப் பிஸ்டனின் எடைக்குக் கணக்குப் பார்த்து விட்ட பாரம். எடை மாறினால் வண்டி ஓடும், ஆனால் கைப்பிடியில் கை மரத்துப் போகும், நட்டுகள் தானாகக் கழரும். அப்பா மூன்று பிஸ்டனையும் என் மனைவி கேக் அளக்கிற தராசில் நிறுத்தார். (தராசைக் கழுவித்தான் வைத்தோம். அவளுக்கு இன்னும் நம்பிக்கையில்லை.) மகள் கிராமை வாசிக்க, அப்பா சுவரில் சோக்கால் எழுதினார்.

மகளுக்குப் பதினொரு வயது. அவளுக்கும் அப்பப்பாவுக்கும் இடையில் அதுவரை மொழிபெயர்ப்பாளன் நான்தான். "சாப்பிட்டியா", "பள்ளிக்கூடம் எப்பிடி", அதற்கு மேல் இரண்டு பேருக்கும் சொல் இல்லை. கராஜில் நான் வேலைக்கூட்டம் ஒன்றில் போனோடு நிற்கும்போது அவர்கள் என்னைக் காத்திருக்கவில்லை. கிளச்சுக்கு இரண்டே வருத்தம்தான்: வழுக்கும், அல்லது ஒட்டும். வழுக்கினால் எஞ்சின் கத்தும், வண்டி போகாது. ஒட்டினால் லீவரைப் பிடித்தாலும் வண்டி இழுக்கும், கியர் விழாது. அவள் இப்போது பிரிட்ஜ் கதவைக்கூட "ஒட்டுது" என்கிறாள். "தளர்த்து", "அரைச் சுற்று", "கொஞ்சம் பொறு" எல்லாம் அங்கே வந்தவை.

மனைவிக்கு இதில் உடன்பாடு அரைவாசிதான். "கிளச்சைப் பற்றி நல்லாக் கதைக்கிறாள், ஆனா லகரம் ளகரம் ழகரம் மூண்டையும் ஒரே மாதிரி எழுதுறாள்" என்றாள். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பிறகு ஓர் ஒழுங்குக்கு வந்தோம்: பன்னிரண்டு மணி வரை வகுப்பு, அப்பா ஸ்காபரோவிலிருந்து சப்வேயும் ஸ்ட்ரீட்காரும் மாறி வந்து சேர ஒரு மணி. வகுப்பில் சோதனை வந்தால் கராஜ் பூட்டு.

நவம்பரில் கிராங்க் பெட்டியைப் பிளந்தோம். கனெக்டிங் ரொட்டின் கீழ்முனையில் உள்ள புஷ் தேய்ந்து, ரொட்டைப் பிடித்து மேலே இழுத்தால் கையில் தெரிகிற அளவுக்கு ஆட்டம். நான் இந்தியாவிலிருந்து பிளைவீல், ரொட், எல்லாம் சேர்த்துப் பூட்டின முழு செட்டாகவே எடுப்பம் எண்டு விலையும் பார்த்து வைத்திருந்தேன். அப்பா பிளைவீலின் விளிம்பைத் துணியால் துடைத்தார். அங்கே மூன்று பொட்டு. பொட்டாணியால் குத்தின அடையாளம், ஒரு சில்லில் இரண்டு, எதிரே மற்றதில் ஒன்று.

கழற்றுகிறதுக்கு முன் எந்தப் பக்கம் எதை நோக்கி இருந்தது எண்டு தெரிய மெக்கானிக்குகள் எல்லாரும் குத்துவார்கள். ஆனால் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று, அதுவும் ஒன்றைக் கொஞ்சம் சரிவாக, எண்டு குத்தப் பழக்கினது அப்பா. பதினாறு வயதுத் தம்பிக்கு. அவர் பெருவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை.

"இது ஒருக்கா திறந்து பூட்டின எஞ்சின். அவன்தான் பூட்டியிருக்கிறான்" என்றார் கடைசியில். அதோடு புது செட் பற்றின கதை முடிந்தது. சித்தப்பாவின் பிளைவீல்கள் இரண்டும் நிற்கும். பின்னும் ரொட்டும் புஷ்ஷும் மட்டும் புதிது.

அது சும்மா பாசத்தில் எடுத்த முடிவு எண்டு நினைக்காதீர்கள். விளிம்பையும் ஷாப்ட் அமர்கிற துவாரத்தையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார். தெரிந்த ஒருவரின் பட்டறையில் இரண்டு முனைக்கு நடுவே கிராங்கைத் தூக்கி வைத்து, டயல் கேஜ் இரண்டையும் இரு ஷாப்டிலும் முட்ட வைத்து, கையால் மெல்லச் சுற்றினார். ஊசி ஆடும் இடத்தில் செப்புச் சுத்தியலால் விளிம்பில் ஓர் அடி. திரும்பச் சுற்று, திரும்ப அடி. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் வரும்வரை விடவில்லை. மூன்றரை மணித்தியாலம். எழுபத்தொரு வயது மனிதர், நடுவில் ஒரு தேத்தண்ணி.

கிளச் அவ்வளவு சிக்கல் இல்லை, காத்திருப்புத்தான். நான் புதுத் தட்டுகளோடு ஒரு முழுக் கிளச் எடுப்பித்தேன். கடைக்காரர் பிந்தின மொடலினதை அனுப்பிவிட்டார், மையத்தின் பல் எங்கள் ஷாப்டில் இறங்கவே இல்லை. அது நல்ல பிழை. பொருந்தாதது உடனே தெரியும். சித்தப்பாவின் இரண்டு கிளச்சுகளும் இறங்கின, ஆனால் ஒன்றில் ஸ்ப்ரொக்கெற் எஞ்சின் ஸ்ப்ரொக்கெற்றை விட ஒரு மயிரிழை வெளியே நின்றது. இரும்பு அடிமட்டம் ஒன்றை இரண்டின் முகத்திலும் வைத்து, அடியில் வெளிச்சம் வருகிறதா எண்டு மகள் டோர்ச் அடித்துப் பார்த்தாள். "அப்பப்பா, வெளிச்சம் வருது." செயின் சரிவாக ஓடினால் பல்லைத் தின்றுவிடும். மற்றதில் வெளிச்சம் வரவில்லை, அதுவே போனது.

கிளச்சைப் பூட்டுவதற்கு முன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். பின்சில்லுக்குச் செயின் கொண்டுபோகிற ஸ்ப்ரொக்கெற் கியர்பெட்டியில் கிளச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பிறகு மாத்த நினைத்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். 16, 17, 18 பல்லில் கிடைக்கும், பின்சில்லில் 38. ஒரு பல் கூட்டினால் அதே எஞ்சின் வேகத்துக்கு ஏறக்குறைய ஆறு சதவீதம் கூடுதலாக ஓடும், ஆனால் ஏற்றத்தில் இழுவை குறையும். நான் 17க்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "ஆர் ஓடப் போறது? எங்க?" எண்டு கேட்டார் அப்பா. குயின் வீதி, லேக் ஷோர், அதற்கு மேல் என்ன. 16 போட்டோம்.

கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதலாம் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. யாழ்ப்பாணத்து ஹொண்டாவுக்கு நேர் எதிர். அப்பா முழங்கால் மாற்றினவர், உதைக்க முடியாது. ஏப்ரலில் நான்தான் உதைத்தேன். அம்மீற்றர் ஊசி ஆடுகிற இடத்தைப் பார்த்து, டீகம்பிரஸரை அமத்திப் பிஸ்டனை மெல்லத் தாண்ட விட்டு, பிறகு ஒரே உதை. அப்பா பக்கத்தில் நின்று ஊசியைச் சொன்னார். ஏழாவது உதையில் பிடித்தது. மகள் அதற்குள் வாட்ஸ்அப்பில் சித்திக்குப் போட்டுவிட்டாள். "அப்பம்மா, கேக்குதா? கேக்குதா?" எண்டு அவள் கத்த, சித்தி அங்கே ஒன்றும் கதைக்கவில்லை, போனை ஜன்னல் பக்கம் வைத்து அயல்வீட்டுக்காரரையும் கேட்கச் சொன்னா.

கிளச் ஒட்டவில்லை, வழுக்கவில்லை. செயின் மூடியிலிருந்து மட்டும் எண்ணெய் கசிகிறது. ஒரே ஒரு நட்டில் முழு மூடியும் நிற்கிறதால் புல்லட்டுக்கு இது பிறவி வருத்தம் என்றார் அப்பா. அடுத்த கிழமை ரப்பர் மாத்த வேண்டும். அடுத்த கிழமை வகுப்பில் சோதனையும் இருக்கிறதாம், மனைவி பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள்.