எஃப் 5 அழுத்தும் முன்

ஜூன் 19, 2024

பிளஸ் டூ பிள்ளைகளை இன்று ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன், ஆனால் யாரையும் கீபோர்டைத் தொட விடவில்லை. புத்தகத்தில் பைத்தான் ஐந்தாம் பாடத்தில்தான் வருகிறது. அதுவரை நான் காத்திருப்பதில்லை. போர்டில் நான்கு வரி எழுதினேன். அ = 5. ஆ = அ. அ = 8. பிரிண்ட்(ஆ). பைத்தான் 3 தமிழ் எழுத்தையும் மாறியின் பெயராக ஏற்கும் என்பதே சிலருக்கு ஆச்சரியம்.

"என்ன வரும்?"

பாதி வகுப்பு 8 என்றது. கணக்கு வகுப்பில் சமக்குறி இரண்டு பக்கமும் ஒன்று என்று சொல்கிறது. இங்கே அது ஒரு கட்டளை: வலப்பக்கத்து மதிப்பை எடுத்து இடப்பக்கத்துப் பெயருக்குக் கொடு. கொடுத்த பிறகு அந்த இரண்டு பெயர்களுக்கும் தொடர்பு இல்லை. விடை 5. எல்லாரும் நோட்டில் தங்கள் விடையை எழுதிய பிறகுதான் எஃப் 5 அழுத்தினேன்.

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். ஓட்டும் முன் என்ன வரும் என்று எழுதிவிட வேண்டும். இங்கிலாந்தில் சூ சென்டன்ஸ் என்ற கல்வியாளர் இதே போல முதலில் கணி, பிறகு ஓட்டு, ஆராய், மாற்று, கடைசியில் புதிதாகச் செய் என்று வரிசைப்படுத்தி ஒரு கற்பித்தல் முறையே வகுத்திருக்கிறார். அதைப் படித்த அன்று ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

ஜூலை 11

மைதானத்தில் வகுப்பு. பத்துப் பேரை வரிசையாக நிற்க வைத்து, உயரப்படி மாறி நில்லுங்கள் என்றேன். காலை வழிபாட்டுக்கு அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறவர்கள்தான். ஆனால் இன்று ஒரு நிபந்தனை: ஒரு நேரத்தில் பக்கத்துப் பக்கத்து இரண்டு பேரைத்தான் ஒப்பிடலாம், தேவையென்றால் இடம் மாற்றலாம், வேறு எதையும் பார்க்கக் கூடாது. கணினிக்கு மொத்த வரிசையையும் ஒரே பார்வையில் பார்க்கத் தெரியாது.

ஒரு பெண் வெளியே நின்று எண்ணினாள். 45 ஒப்பீடு. இருபது பேர் என்றால் 90 ஆகும் என்றான் ஒருவன். நிற்க வைத்தோம். முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. எண்ணியவளே நோட்டில் கணக்குப் போட்டு 190 என்றாள். ஆள் இரண்டு மடங்கானால் வேலை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இதை ஃபார்முலாவாக எழுதிப்போட்டால் மனப்பாடம் செய்வார்கள். வெயிலில் நின்று கால் வலித்த பிள்ளைக்கு அது மறக்காது.

போகும்போது ஒருவன் கேட்டான்: "இதைவிடச் சீக்கிரம் முடிக்க வழி இருக்கா மிஸ்?" அந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை பேரையும் வெயிலில் நிறுத்தினேன்.

ஜூலை 26

ரெக்கார்டு நோட்டுத் திருத்தினேன். எல்லா நோட்டிலும் ஒரே நிரல், ஒரே எழுத்துப்பிழை. செய்முறைத் தேர்வுக்கு 20 மதிப்பெண், அதில் வரும் நிரல்கள் எவை என்பது முன்பே தெரியும். ஆகவே கைடைப் பார்த்து அச்சடித்தது போல மனப்பாடம். சில ஊர்களில் ஆசிரியர்களே இதைச் செய்யச் சொல்கிறார்கள். முழு மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியாது. மனப்பாடமாக நிரல் எழுதிய பிள்ளை கல்லூரியில் முதல் பருவத்திலேயே கணினி எனக்கு வராது என்று முடிவு செய்துவிடுகிறது. வராததல்ல, நாம் சொல்லித் தரவே இல்லை.

இன்று ஃபேக்டோரியல் நிரலில் ஒரே ஓரிடத்தில் கை வைத்தேன். ரேஞ்சில் 1, என்+1 என்று இருந்ததை 1, என் என்று மாற்றினேன். 5 கொடுத்தால் என்ன வரும்? வகுப்பு 120 என்று ஒரே குரலில் சொன்னது. அதைத்தான் கைடு சொல்லியிருக்கிறது. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "ரேஞ்ச் கடைசி எண்ணைத் தொடாதே மிஸ், அப்போ 24தானே?" காலாண்டுத் தேர்வில் அவன் எத்தனை வாங்குவான் என்று தெரியவில்லை. எனக்கு அவன்தான் இந்த வருடத்தின் முதல் புரோகிராமர்.

ஆகஸ்ட் 24

சனிக்கிழமை. ஆய்வக பீரோவை ஒழித்தோம். அடியில் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி ஒன்று கிடைத்தது. 1.2 எம்பி. உடனிருந்த பிள்ளைகள் தங்கள் செல்போனில் எடுத்த ஒரு போட்டோ கூட இதில் அடங்காது என்று தெரிந்து வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

நான் கணிதம் படித்தவள். பட்டம் வாங்கியபின் திருச்சியில் ஒரு கணினி மையத்தில் சேர்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போக வேண்டும். அங்கே ஜிடபிள்யூ பேசிக்கில் பத்தாம் வரியில் என் பெயரை அச்சிடச் சொல்லி, இருபதாம் வரியில் மறுபடி பத்துக்குப் போ என்று எழுதினேன். திரை முழுக்க என் பெயர் ஓடியது. நான் சொன்னதை மட்டும், சொன்னபடியே, அலுக்காமல் செய்கிற ஒன்றை முதன்முதலாகப் பார்த்தேன். அன்றே இதை யாருக்காவது காட்ட வேண்டும் என்றுதான் மனம் ஓடியது. சென்னையில் மென்பொருள் வேலைக்குப் போன தோழிகள் பலமுறை கூப்பிட்டார்கள். எனக்கு நிரல் எழுதுவதைவிட, முதல் நிரல் ஓடும்போது அதை எழுதியவரின் முகத்தைப் பார்ப்பது பிடித்திருந்தது.

1999-ல் அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கணினிப் பயிற்றுநர்களை ஒப்பந்தத்தில் எடுத்தபோது வந்தேன். கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும், பிள்ளைகள் அவசர அவசரமாக எஃப் 2 அழுத்திச் சேமிப்பார்கள். டர்போ சி++இன் நீலத்திரை, பிறகு ஸ்டார் ஆபீஸ் பாடப்புத்தகம், 2011-லிருந்து விலையில்லா மடிக்கணினி, 2019-ல் பிளஸ் டூவுக்குப் பைத்தான். சிறப்புத் தேர்வு எழுதிப் பணி நிரந்தரமாகும்வரை வீட்டில் கவலை இருந்தது. எனக்கு வகுப்பு இருந்தது.

செப்டம்பர் 3

சரங்கள் பாடம். லென் என்ற செயற்கூறு ஒரு சரத்தில் எத்தனை எழுத்து என்று சொல்லும் என்கிறது புத்தகம். 'தமிழ்' என்று கொடுத்தால்? எல்லார் நோட்டிலும் 3. எஃப் 5. திரையில் 5.

ஒரே கூச்சல். மெஷின் தப்பு என்றார்கள். தப்பில்லை, பிரித்துப் பாருங்கள் என்றேன். ஃபார் சுழற்சி போட்டு ஒவ்வொன்றாக அச்சிட்டார்கள். த, ம, தனியாக ஒரு இகரக் குறி, ழ, தனியாக ஒரு புள்ளி. 'மி' என்பது நமக்கு ஓரெழுத்து, யுனிகோடுக்கு இரண்டு எண்கள். யுனிகோடு, 1988-ன் இஸ்கி என்ற இந்தியக் குறியேற்றத்தைப் பின்பற்றித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அதில் உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றுக்குத்தான் எண். 'அ' 2949. 'கி'க்குத் தனி எண் கிடையாது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்ற முறையும் உண்டு. 2010-ல் தமிழக அரசு யுனிகோடோடு அதையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் இவர்கள் போனில் ஓடுவது யுனிகோடுதான்.

"அப்போ 247 எழுத்தையும் சரியா எண்ணுற மாதிரி நாமளே எழுதலாமா மிஸ்?"

எழுதுங்கள் என்றேன். இருபத்தைந்து வருடமாக நான் இந்த வேலையில் இருப்பதற்குக் காரணம் கேட்டால் இந்த ஒரு வரியைக் காட்டுவேன்.

செப்டம்பர் 4

மூன்றாம் பெஞ்சுப் பெண் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். பதினொரு உயிர்க்குறியையும் புள்ளியையும் ஒரு சரத்தில் வைத்து, அவற்றை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறாள். எட்டு வரி. 'ஆசிரியர்' என்று கொடுத்தோம். லென் 8 என்கிறது, அவள் நிரல் 5 என்கிறது. சரி. 'கணினி' 3. சரி. ஓபன் தமிழ் என்று இதற்கென்றே ஒரு பைத்தான் நூலகம் இருக்கிறது, ஆனால் இப்போது சொல்லவில்லை. தன் நிரலை அவள் முதலில் முழுதாக அனுபவிக்கட்டும்.

பிறகு ஒருவன் பஸ் ஸ்டாப் கடைப்பலகையை நினைத்துக்கொண்டு 'லக்ஷ்மி' என்று கொடுத்தான். நோட்டில் பாதிப் பேர் 3, பாதிப் பேர் 4. நிரல் 4 என்றது. 'க்ஷ' ஒரே எழுத்தா, க், ஷ என்ற இரண்டா? திரையில் ஒட்டிக்கொண்டுதான் தெரிகிறது. நிரல் எழுதியவள் இரண்டுதான் என்கிறாள். அவளுக்கு எதிராக ஐந்து பேர். இடைவேளை மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இது நிரலில் தீர்க்கிற விஷயமில்லை, எது எழுத்து என்று முதலில் நாம் முடிவு செய்ய வேண்டும், பிறகு அதை வரியாக எழுதலாம் என்றேன். "அப்போ தமிழய்யாவைக் கூப்பிடுங்க மிஸ்" என்றார்கள்.

மாலையில் அவரிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை இரண்டாம் பீரியட் ஆய்வகத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நன்னூலையும் கையோடு எடுத்துவருகிறாராம்.