போர்ன் சந்தையின் அடியில்

பார்சிலோனாவின் பழைய நகர்ப்பகுதியில் 1876-இல் திறக்கப்பட்ட போர்ன் சந்தையின் இரும்புக் கூரைக்குள் நுழையும் பயணி இன்று அங்கே கடைகளைக் காண்பதில்லை. கீழே ஆழமான பள்ளத்தில் இடிந்த சுவர்களும் கல் பாவிய தெருக்களும் விரிந்து கிடப்பதையே காண்கிறார். நூலகம் கட்டத் தோண்டியபோது முழுமையாக வெளிப்பட்ட இவை, ஸ்பானிய வாரிசுரிமைப் போரின் இறுதியில் நகரம் சந்தித்த முற்றுகைக்குப் பின் மண்ணுக்குள் போன லா ரிபேரா குடியிருப்பின் ஒரு துண்டு.

1700-இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் கார்லோஸ் மகப்பேறின்றி இறந்ததும், பிரான்ஸின் பதினான்காம் லூயியின் பேரன் பிலிப்பும் ஆஸ்திரிய இளவரசர் சார்லஸும் அரியணைக்கு உரிமை கோர, அந்தப் போர் மூண்டது. சார்லஸின் பக்கம் நின்ற கத்தலோனியத் தலைநகர் பார்சிலோனாவுக்கு அவருடைய ஏற்றமே வினையாயிற்று: 1711-இல் அண்ணன் இறந்து அவர் பேரரசராகவே, ஸ்பெயினும் ஆஸ்திரியாவும் ஒரே கையில் சேர்வதை விரும்பாத அவருடைய கூட்டாளி பிரிட்டன், 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கை செய்துகொண்டு விலகியது. கத்தலோனியரைக் கைகழுவியது என்பதே இதற்குப் பொருத்தமான சொல்.

1713 ஜூலையில் பிலிப்பின் படைகள் தொடங்கிய முற்றுகையை எதிர்த்து நின்றவர்களில் பெரும்பகுதியினர், தச்சர், தையற்காரர் முதலான கைவினைஞர் குழுக்கள் வாரியாகத் திரட்டப்பட்ட ‘கோரொனேலா’ என்னும் நகரக் காவற்படையினர். மறு ஆண்டு பிலிப்பின் தரப்புத் தளபதி பெர்விக் கோமகன் ஏறத்தாழ 40,000 வீரர் கொண்ட முற்றுகைப் படைக்குத் தலைமையேற்று, மதிலிலிருந்து முன்தள்ளி நிற்கும் மேடைகளாகிய கொத்தளங்களை நோக்கிப் பதுங்குகுழிகளை வெட்டி, பீரங்கிகளால் மதிலை உடைத்து, செப்டம்பர் 11 விடியலில் பெருந்தாக்குதல் தொடுத்தார்; மறுநாள் நகரம் பணிந்தது. தாக்குதலன்று நகரின் காவற்புனிதர் எயுலாலியாவின் கொடியேந்திக் காயமுற்ற நகரத் தலைவர் ரஃபேல் கசனோவாவை அவருடைய சிலை வீழும் வீரராகவே காட்டுகிறது; உண்மையில் அவர் பிழைத்து, பின்னர் வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பி, 1743 வரை வாழ்ந்தார்.

முற்றுகையை அறியச் சிலையைவிடப் பள்ளமே நம்பத்தக்கது. ஏனெனில் லா ரிபேராவை முற்றாக அழித்தது பீரங்கி அன்று, வெற்றிக்குப் பின் வந்த ஆணை: நகரை அடக்கிவைக்கும் சியுதாதேயா கோட்டைக்கும் அதன் முன்வெளிக்கும் இடம் வேண்டி ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் தகர்க்கப்பட்டன. 1716-இன் ‘நுவேவா பிளாந்தா’ ஆணை கத்தலோனியாவின் தனி ஆட்சி நிறுவனங்களையும் ஒழித்தது. அந்தக் கோட்டையின் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுப் பூங்காவாயிற்று; எஞ்சிய ஆயுதக் கிடங்கில்தான் கத்தலோனிய நாடாளுமன்றம் இப்போது கூடுகிறது.