சோலாப்பூர் வெயிலில் டஸ்கனித் திராட்சை

ராயபுரத்திலிருந்து சோலாப்பூர் போகிறவர்கள் துண்டு, போர்வை, நூல் விலை என்று பேசி முடித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். நானும் துண்டுத் தறிகளைப் பார்க்கத்தான் குர்லா எக்ஸ்பிரஸில் ஏறினேன். வேலை முடிந்ததும் பண்டரிபுரம் தாண்டி அக்லூஜ் வரைக்கும் போனதற்குக் காரணம், அங்கே விளையும் இத்தாலியத் திராட்சை.

வழியெல்லாம் கரும்பு. மகான் துக்காராமின் பல்லக்கு பண்டரிபுரம் போகும்போது, குதிரை வட்டமிட்டு ஓடும் ரிங்கண் சடங்கு நடக்கிற ஊர் அக்லூஜ். வாய்க்கால் பாசனத்தை விட்டு விலகினால் வறண்ட மேடு. "என்னங்க, இந்தக் காட்டுல திராட்சையா?" என்றார் கூட வந்த நண்பர். அந்த மேட்டில்தான் கம்பி கட்டி, வரிசை வரிசையாகக் கொடி ஏற்றியிருந்தார்கள்.

இத்தாலியின் செச்சி சகோதரர்கள், தில்லியின் செக்ரி சகோதரர்கள், உள்ளூர் மோஹிதே பாட்டீல் சகோதரர்கள் என மூன்று குடும்பங்களும் சேர்ந்து 2007இல் தொடங்கிய ஃபிராடெல்லி ஒயின் நிறுவனத்தின் தோட்டம் அது. அதன் ஒயின் வல்லுநர் பியரோ மாஸி இத்தாலியின் டஸ்கனிக்காரர். அவர்களுடைய 'செட்டே' என்ற சிவப்பு ஒயினில் சாஞ்சியோவேசேயும் கேபர்னே சோவிஞ்யோனும் கலக்கின்றன. முன்னது டஸ்கனியின் மண்ணுக்குரியது, பின்னது பிரான்சின் போர்தோவிலிருந்து வந்தது.

இந்தச் சேர்க்கைக்குப் பின்னால் ஒரு துணிச்சல் இருக்கிறது. டஸ்கனிக் கடலோரம் போல்கெரியில் மாரியோ இஞ்சிஸா என்ற பிரபு போர்தோ ஒயின் மீதிருந்த ஆசையால் 1940களில் கேபர்னே நட்டார். முதலில் வீட்டுக்கு மட்டும் செய்தார். 1968ஆம் ஆண்டு அறுவடைதான் 'சாஸிகாயா' என்ற பெயரில் முதன்முதலாகக் கடைக்கு வந்தது. அந்தினோரி குடும்பம் 1971இல் தொடங்கிய 'தின்யானெல்லோ'வில் சில ஆண்டுகளில் சாஞ்சியோவேசேயோடு கேபர்னேயும் சேர்ந்தது. ஊர் விதிக்கு அடங்காததால் இவை அப்போது சட்டப்படி வெறும் 'மேசை ஒயின்'. ஆனால் 1978இல் லண்டனில் நடந்த கேபர்னே போட்டியில் சாஸிகாயா முதலிடம் பெற்றது. போல்கெரிச் சிவப்பு ஒயினுக்கு அரசு முத்திரை கிடைக்க 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தரமான பொருள் ஒன்று முத்திரையில்லாமலே உலகச் சந்தையில் ஜெயித்த கதை இது. ஏற்றுமதித் தொழிலில் இருக்கிற எனக்கு மெய்சிலிர்த்தது.

அங்கே சாஞ்சியோவேசே வீட்டுப்பிள்ளை, கேபர்னே விருந்தாளி. அக்லூஜில் இரண்டுமே அயலூர்.

கேபர்னேக் குலையிலிருந்து ஒரு பழம் பறித்துக் கொடுத்தார்கள். கம்பம் பன்னீர்த் திராட்சையின் பருமனில் பாதிகூட இல்லை. நல்ல இனிப்பு. ஆனால் தோலை மென்றதும் நாக்கு வறண்டு துவர்த்தது, விதைகள் பல்லில் நொறுங்கின. விரல் நீலமாகிவிட்டது. சாஞ்சியோவேசேயின் தோல் மெல்லியது, நிறம் குறைவு, புளிப்பு தூக்கல். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது என்பது வாயிலேயே தெரிந்தது.

ஆலைக்குள் போனபோது நான் அதிக நேரம் நின்றது நொதிக்கும் தொட்டியடியில். பழச்சாற்றுக்கு நிறமே கிடையாது, சிவப்பெல்லாம் தோலில் இருக்கிறது. வாயு கிளம்பும்போது தோல்கள் மேலே வந்து தடித்த ஆடையாக மிதக்கின்றன. அடியிலிருந்து சாற்றை பம்ப் வைத்து ஏற்றி அதன்மேல் ஊற்றுகிறார்கள். நம்மூர் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் சாயத்தண்ணீர் துணியைச் சுற்றிச் சுற்றி வருமே, அதேபோல. வேறுபாடு, இங்கே துணி சாயம் ஏற்பதில்லை, தோல் சாயம் விடுகிறது. பிறகு பிரெஞ்சு ஓக் பீப்பாயில் பல மாதம் கிடக்கிறது.

கொடியின் நாட்காட்டி அதைவிட வியப்பு. டஸ்கனியில் குளிர்காலம் முழுக்கக் கொடி உறங்கி, செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. தக்காணத்தில் உறைபனி இல்லை, உறக்கமும் இல்லை. அதனால் கோடையில் ஒரு கவாத்து, மழை ஓயும்போது இன்னொரு கவாத்து. இரண்டாவதற்குப் பிறகு வருகிற காய்ப்பை வைத்துத்தான் ஒயின். சொட்டுநீரை அளந்து விட்டு, பகல் வெயிலும் இரவுக் குளிரும் உள்ள மாதங்களில் பழுக்க வைக்கிறார்கள்.

சோலாப்பூருக்கு வேலையாகப் போகிறவர்கள் ஒருநாள் கூட்டி வைத்துக்கொண்டு பிப்ரவரியில் போங்கள். ஏப்ரல் கடைசியில் போனால் கவாத்து செய்த கட்டைகளைத்தான் பார்க்கலாம்.