சிப்பி போடும் தாழ்ப்பாள்

தண்ணீர்க் குடத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கை நடுங்கிவிடும். இழுத்துப் பிடிக்கும் ஒவ்வொரு நொடியும் நம் தசை சத்தைச் செலவழிக்கிறது.

குளச்சல் பக்கம் பாறையில் பெயர்த்தெடுக்கும் சிப்பிக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. ஓட்டின் கீலில் ரப்பர் மாதிரி ஒரு நார் இருக்கிறது. அது எப்போதும் ஓட்டைத் திறக்கத்தான் தள்ளும். அதை எதிர்த்து மூடி வைத்திருப்பது தசை. நம் குடலிலும் ரத்தக்குழாயிலும் இருப்பதுபோல, வரிகள் இல்லாத மென்தசை. நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரந்ததும் தசைக்குள் கால்சியம் கூடும், தசை சுருங்கும். பிறகு கால்சியம் குறைந்துவிடும். நம் கைத்தசை என்றால் அத்தோடு தளர்ந்திருக்கும். இதுவோ தாழ்ப்பாள் போட்டதுபோல மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். செலவும் மிகக் குறைவு.

தாழ்ப்பாளை எடுக்க வருவது செரட்டோனின். அது வந்தால் ட்விட்சின் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஒட்டும், பிடி விடும்.

செரட்டோனின் இந்தத் தசையைத் தளர்த்துகிறது என்று கண்டவர் பெட்டி ட்வாராக். அப்போது அவர் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவி. ரத்தக்குழாயைச் சுருக்கும் பொருளாகத்தான் அதை அன்று மருத்துவர்களுக்குத் தெரியும். சிப்பியின் நரம்புக்கு உதவுவது மூளையில் இல்லாமலா போகும் என்று அவர் தேடினார். பாலூட்டிகளின் மூளையிலும் அது இருப்பதை இர்வின் பேஜுடன் சேர்ந்து 1953-ல் வெளியிட்டார்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது அம்மாவுக்காக. மனச்சோர்வுக்கு அவர் சாப்பிடும் மாத்திரை, நரம்பு முனைகளுக்கிடையே செரட்டோனினைக் கொஞ்சம் கூடுதலாகத் தங்கவைக்கிற வகை. சொந்தக்காரர்கள் 'பைத்தியத்துக்கு உள்ள மாத்திரை' என்றதிலிருந்து அட்டையை மிளகு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தார். சில நாள் போடாமலே இருந்துவிட்டார். அந்த நாட்களில் நாங்கள் பட்ட பயம் கொஞ்சமல்ல.

சிப்பிக் கதையைச் சொன்னேன். "அப்பம் நானும் ஓடு மூடிக் கெடக்கேன்னு சொல்லுதியா மக்ளே?" என்று கேட்டார். அப்படியில்லை. மூளையில் அதன் வேலை வேறு, ரொம்பச் சிக்கலானது. சிப்பியை வைத்து மனசை அளக்க முடியாது. அதையும் சொன்னேன். இந்த இரண்டாவது பாதியை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

போன வாரம் சித்தி வந்திருந்தபோது அவர் முன்னாலேயே மாத்திரையைப் பிரித்தார். "இது என்னத்துக்கு அக்கா?"

"சிப்பிக்க உள்ள இருக்கப்பட்ட சாமானாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். நான் திருத்தவில்லை.