காத்து இறக்கின கதை

லீவுக்கு ஊருக்குப் போனப்போ சித்தி பையனைப் பின்னாடி ஏத்திக்கிட்டு தேரி ஓரத்து மணல் பாதைல பைக்கை விட்டேன். தேரி தெரியாதவங்களுக்கு: திருச்செந்தூர் பக்கம் இருக்கிற செம்மணல் மேடுங்க. பத்தடி போறதுக்குள்ள பின்சக்கரம் பாதி மணலுக்குள்ள!

எப்பவோ படிச்ச ஞாபகத்துல வால்வை அழுத்திக் காத்தை இறக்கினேன். முன்னாடி 25, பின்னாடி 34 பிஎஸ்ஐ இருந்துச்சு. ரெண்டையும் 18 ஆக்கினேன். டயர் பரந்து உட்கார்ந்துச்சு. பாரம் அதிக இடத்துல பரவினதால, மணலைத் தோண்டாம மேலாப்புல ஓடுச்சு. எனக்கு ஒரே பெருமை :-)

அந்தப் பெருமைல, தார் ரோட்டுக்கு வந்ததும் காத்து அடிக்க மறந்துட்டேன். வளைவுல வண்டி நெளிஞ்சப்பவும் உறைக்கலை. அடுத்த பள்ளத்துல 'டங்'! ரெண்டு பேர் பாரம் வேற, ரிம்முல நசுங்கி டியூப் போச்சு. ஆடி ஆடி ஓரங்கட்டினப்போ ஒரு லாரி உரசுற மாதிரி போச்சு. தம்பி என் சட்டையை விடவே இல்லை.

பஞ்சர் கடை அண்ணாச்சி டியூபைக் காட்டினார். பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை.

"மணலுக்கு எறக்குனது சரிதாம்டே. ரோட்டுல ஏறுனதும் அடிச்சிருக்கணும்லா?"

காத்து கம்மியா இருந்தா ரோட்டுல டயர் நெளிஞ்சு நெளிஞ்சு சூடாகும், ஹேண்டில் கனக்கும். அளவைக் காலைல வண்டி எடுக்கும் முன்னாடியே பார்க்கணுமாம். ஓடின டயர் சூட்டுல கூடுதலா காட்டும்.

இப்போ பைல எப்பவும் ஒரு கைப்பம்பு இருக்கு. சித்திக்கு மட்டும் விஷயம் தெரியாது. யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க, ப்ளீஸ்!