ஆர்தருக்குக் கிடைக்காத மாத்திரை

2019 டிசம்பர் பள்ளி விடுமுறையில் என் தம்பி ஒரு விளையாட்டைப் பாதியில் நிறுத்தினான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் நிறுத்துவானே, அப்படியில்லை. பிளேஸ்டேஷனின் வயர்களைப் பிடுங்கிச் சுருட்டி, பெட்டிக்குள் போட்டு, அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டான். வெளியே கமுந்திங் மழை. தைப்பிங் பக்கம் பெய்யும் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டைவிட்டு எங்கும் போக முடியாத நாளில், பதினாறு வயசுப் பையன் கேம் பெட்டியைக் கட்டிவைக்கிறான் என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

அது 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'. 2018 அக்டோபரில் வந்தது. கதை நடப்பது 1899இல், அமெரிக்காவில். ஆர்தர் மோர்கன் ஒரு கொள்ளைக்கூட்டத்தில் வளர்ந்தவன். அவனைத்தான் நாம் நடத்திக்கொண்டு போகிறோம். குதிரையைக் குளிப்பாட்டுவது, மானை வேட்டையாடுவது, வங்கியைக் கொள்ளையடிப்பது எல்லாம் நம் கையால்தான். நாற்பது ஐம்பது மணி நேரம் அப்படி விளையாடிய பிறகு, ஒருநாள் அவன் நகரத்துத் தெருவில் இருமி இருமிக் கீழே விழுகிறான். யாரோ ஒருவர் தூக்கி டாக்டரிடம் கொண்டுபோகிறார். காசநோய் என்கிறார் டாக்டர்.

அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் எங்கள் அப்பாவுக்கும் டாக்டர் அதே பெயரைச் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்குக் கமுந்திங் தொழிற்பேட்டையில் வேலை. தினமும் காலையில் மோட்டாரில் கிளினிக்குக்குப் போவார். அங்கே மிஸ்ஸி பார்க்கப் பார்க்க மாத்திரைகளை விழுங்கவேண்டும். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு வகை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து அப்பா பயந்துவிட்டார். மருந்தால்தான் அப்படி, ஒன்றும் ஆகாது என்று மிஸ்ஸி சொன்ன பிறகுதான் வேலைக்குப் போனார். அம்மா அவருடைய தட்டையும் குவளையையும் தனியாக வைத்தார். தேவையில்லை என்று கிளினிக்கில் சொல்லியும் வைத்தார்.

எங்கள் வீட்டுக்கு அந்த நோய் புதிதல்ல. அப்பாவின் அப்பா, செலாமா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இருமியே போனார். பாட்டி அதை 'நெஞ்சுக் காய்ச்சல்' என்றுதான் சொல்வார். அந்தப் பெயருக்குப் பின்னால் வேறொரு பெயர் இருப்பது எனக்கே அப்பா படுத்த பிறகுதான் தெரிந்தது.

"முடிச்சிடேன்டா, கடைசி சாப்டர்தானே?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"முடிச்சா அவன் செத்துடுவாண்ணே."

"கேம்தானடா."

அவன் பதில் சொல்லவில்லை.

கேம் கதைகள் சோகமாக முடியலாமா, சந்தோஷமாகத்தான் முடியவேண்டுமா என்று நானும் என் நண்பர்களும் மாமாக் கடையில் உட்கார்ந்து எத்தனையோ ராத்திரி சண்டை போட்டிருக்கிறோம். எங்கள் ஆதர்ச உதாரணம் 'மாஸ் எஃபெக்ட் 3'. 2012 மார்ச்சில் வந்தது. மூன்று பாகங்களாக, நாம் எடுத்த ஒவ்வொரு முடிவையும் நினைவில் வைத்துக்கொண்டு வந்த கதை, கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாரையும் ஏறக்குறைய ஒரே வாசலில் கொண்டுவந்து விட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். சிலர் காசு சேர்த்து, தயாரித்த பயோவேர் நிறுவனத்துக்குச் சுமார் நானூறு கப்கேக் அனுப்பினார்கள். மேலே மூன்று நிறம், உள்ளே எல்லாம் ஒரே வெனிலா. உங்கள் முடிவுகளும் இப்படித்தான் என்று அர்த்தம். அந்த ஜூன் மாதமே பயோவேர் முடிவை விரித்து இலவசமாக வெளியிட்டது.

'ரசிகன் அழுதால் முடிவை மாத்திடுவானா? அப்புறம் அது என்ன கதை?' என்று அன்று நான் சோகத்தின் கட்சியில் பேசினேன். சோகமான முடிவுதான் உயர்ந்தது, மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு என்று நினைத்த வயது. கப்கேக் அனுப்பியவர்கள் சந்தோஷத்தைக் கேட்டார்கள் என்றுதான் புரிந்துகொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் பலர் கேட்டது அதுவல்ல. 'நான் செய்ததற்கெல்லாம் கணக்கு எங்கே?' என்று கேட்டார்கள். ஷெப்பர்ட் சாகட்டும், ஆனால் என் கையால் செய்தது எதற்காவது ஆகியிருக்கவேண்டும் என்றார்கள்.

சினிமாவில் கதாநாயகன் தப்பு செய்தால் நாம் பார்க்கிறோம். கேமில் நாம்தான் பட்டனை அழுத்துகிறோம். ஆர்தருக்கு நோய் எப்படி வந்தது தெரியுமா? அவனுடைய கூட்டம் வட்டிக்குப் பணம் கொடுக்கிறது. வாங்கியவன் ஒரு நோயாளி விவசாயி. ஆர்தர் வசூலிக்கப் போகிறான். அவனை அடிக்கவேண்டும். அடிக்காமல் கதை நகராது. நாம் பட்டனை அழுத்துகிறோம், அவன் இருமுகிறான், ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. அது ஆரம்பத்திலேயே நடந்துவிடும். அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆலோங்குக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிய குடும்பம் எங்கள் தாமானிலேயே உண்டு. அதைப் பார்த்து வளர்ந்த என் தம்பியும் அந்தப் பட்டனை அழுத்தினான். டாக்டர் பெயரைச் சொன்னதும் அவனுக்கு அந்த அடி ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

பாட்டி எங்களுக்கு நல்லதங்காள் கதை சொல்வார். பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியிடம் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த கதை. மழை நாளில் சொன்னால் தம்பி அழுவான். பாட்டி உடனே சிவனையும் பார்வதியையும் வரவழைத்து எல்லாரையும் உயிரோடு எழுப்பிவிடுவார். கொஞ்சம் பெரியவன் ஆனதும் எனக்கு மட்டும் வேறு மாதிரி முடித்தார். சிவன் எழுப்ப வருகிறார், நல்லதங்காள் வேண்டாம் என்கிறாள். செத்தவர் திரும்பி வந்தால் உலகம் தாங்காது சாமி, எங்களை இப்படியே விட்டுவிடுங்கள் என்கிறாள். சாமி அவர்களைத் தெய்வமாக்கிவிட்டுப் போகிறார். தமிழ்நாட்டில் வத்திராயிருப்புப் பக்கம் அவளுக்குக் கோயிலே இருக்கிறது.

"எது பாட்டி உண்மை?" என்று கேட்டிருக்கிறேன்.

"கேக்குறவன் யாருன்னு பாத்துத்தான் சொல்லணும்" என்றார்.

அதை அப்போது ஏமாற்று வேலை என்று நினைத்தேன். பாட்டி முப்பத்திரண்டு வயதில் புருஷனை இழந்து, நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர். இரண்டு முடிவும் அவருக்குத் தெரியும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கமுந்திங் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது தடுப்பு முகாம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் உள்ளே வைப்பார்கள். இரண்டு வருட ஆணை. முடிந்ததும் இன்னொரு இரண்டு வருடம் நீட்டலாம். அதற்கு மேலும் நீட்டலாம். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரைக் கொண்டுவந்து வைத்தபோது நான் சின்னப் பையன். "எப்ப வெளியே விடுவாங்க?" என்று கேட்டேன். "அது யாருக்கும் தெரியாது" என்றார் அப்பா. கடைசி ஆட்கள் வெளியே வர 2009 மே ஆனது. அந்தச் சட்டத்தை 2012இல்தான் நீக்கினார்கள். நல்லதோ கெட்டதோ, முடிவு என்று ஒன்று இருப்பதே பெரிய விஷயம் என்று எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சளிப் பரிசோதனை முடிவுக்காக அப்பா காத்திருந்த வாரங்களில் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எல்லாரும் வீட்டில். அப்பாவுக்கு இருமல் நின்றிருந்தது, உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. ஒருநாள் மத்தியானம் அவரே கேட்டார்.

"டேய், அந்தக் குதிரைக்காரன் என்னடா ஆனான்?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினேன்.

நான்கைந்து நாள் மூன்று பேரும் விளையாடினோம். தம்பி ஓட்டினான், அப்பா சொன்னார். அந்த விவசாயியின் பெண்டாட்டியும் மகனும் பிற்பாடு கதையில் வருவார்கள். அவர்களுக்கு உதவலாம், உதவாமல் கடந்தும் போகலாம். "போய்க் குடுடா, இருக்கறத குடு" என்று அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். தம்பி கொடுத்தான்.

அந்த விளையாட்டில் ஆர்தரின் சாவை மாற்ற முடியாது. எப்படிச் சாகிறான் என்பது மட்டும்தான் நம் கையில். கெட்டவனாக வாழ்ந்திருந்தால் துரோகியின் கையால் போவான். ஓரளவு நல்லவனாக நடந்து, கடைசியில் நண்பன் ஜான் தப்பிப்பதற்காக நின்றால், மலைச்சரிவில் சூரியன் உதிப்பதைப் பார்த்துக்கொண்டே கண்மூடுவான். எங்களுக்கு விடிந்தது. அதற்கு முன்னால் அவனுடைய குதிரை சுடப்பட்டு விழுந்து, ஆர்தர் அதைத் தடவிக்கொடுத்து நன்றி சொன்ன இடத்தில்தான் அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப மாத்திரை இல்லையா?" என்று கேட்டார்.

"1899ப்பா. காசநோய்க்கு முதல் மருந்தே 1943லதான் கண்டுபுடிச்சாங்க."

"எங்கப்பாவுக்கு இருந்துச்சே" என்றார்.

இருந்திருக்கிறது. தாத்தா இறந்தது அறுபதுகளில். மாத்திரையும் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது. லயத்தில் தெரிந்தால் ஒதுக்கிவைப்பார்கள் என்று மறைத்திருக்கிறார். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது என்று போயிருக்கிறார். அப்பா இதைச் சொன்னது அன்றுதான் முதல்முறை. ஆர்தரின் சாவு சோகம். தாத்தாவுடையதை அப்படிச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அது தவிர்த்திருக்கக்கூடியது. சோகக் கதையை உயர்வாகப் பேசும்போது இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆர்தர் செத்த பிறகும் விளையாட்டு முடியவில்லை. வருடம் 1907க்குத் தாவுகிறது. ஜான் பெண்டாட்டி பிள்ளைக்காக ஒரு நிலம் வாங்கி வீடு கட்டுகிறான். "பேங்குல லோன் போட்டா?" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். சுத்தியலால் ஆணி அடிக்கும் இடம் வந்ததும் கண்ட்ரோலரை வாங்கித் தானே அடித்தார். லயத்தில் பிறந்து, நாற்பது வயதுக்கு மேல் தாமானில் வீடு வாங்கி, இன்னும் மாதத் தவணை கட்டும் மனிதர்.

2023இல் 'வெண்பா' வந்தது. டொரண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 1988இல் கனடாவுக்குக் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற புதிர். அடுத்த வருடம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு விருது வாங்கியது. மேசை நிறைய சமைத்துவைத்துக் காத்திருக்கிறாள் தாய், மகன் வருவதில்லை. கடைசியில் அவளைத் தேடி இந்தியாவுக்கே போகிறான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "ரொம்ப ஈசியா சேர்த்துவெச்சிட்டாங்க" என்றான் தம்பி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வராமல் போன அந்தச் சாப்பாட்டை விளையாட்டு அழித்துவிடவில்லை. அத்தனையும் நம் கையால் சமைத்தது, ஆறிப்போனது. அந்தக் கணக்கோடுதான் மகன் வந்து நிற்கிறான். அதனால் அந்தச் சந்தோஷத்தை என்னால் நம்ப முடிந்தது.

சோகமா சந்தோஷமா என்று இப்போது மாமாக் கடையில் யாராவது ஆரம்பித்தால் நான் கட்சி சேர்வதில்லை. கதையை எந்த இடத்தில் நிறுத்தினார்கள், அதுவரை நாம் செய்ததை மறக்காமல் நிறுத்தினார்களா என்று மட்டும் பார்க்கிறேன்.

ஏனென்றால் ஒரு விஷயம் எனக்கும் தம்பிக்கும் தெரியும். 'ரெட் டெட்' முதல் பாகம் 2010லேயே வந்துவிட்டது. அந்தக் கதை நடப்பது 1911இல். ஜான் கட்டிய அதே இடத்தில், அரசாங்கத்து ஆட்கள் வந்து அவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். தம்பி அந்த டிஸ்க்கையும் வைத்திருக்கிறான். அப்பாவிடம் காட்டியதில்லை.

போன தீபாவளிக்கு அப்பா திடீரென்று கேட்டார். "டேய், நாம கட்டுன அந்த வீடு என்னடா ஆச்சு?"

"இருக்குப்பா" என்றான் தம்பி. "மாடெல்லாம் வாங்கிட்டாங்க."

நான் எதுவும் சொல்லாமல் முறுக்கை எடுத்துக்கொண்டேன்.