இரத்தத்தின் மேல் பழி

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் எனக்கு விலங்கியல் அந்நியத் துறை. ஆயினும் சென்ற தவணையில், கட்டுரைப் பாடத்தின்போது தஸ்மானியத் தீவின் ‘பேய்’ என்னும் விலங்கைப் பற்றிக் கூறினேன். சிறு நாயளவான கரிய விலங்கு அது. கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வைத்து வளர்ப்பது; பிறக்கும்போது அக்குட்டி ஓர் அரிசிமணியளவே இருக்கும். பிணந்தின்று காட்டைத் துப்புரவாக்கும் இத்தொழிலாளியைத்தான் குடியேறிய வெள்ளையர் பேயென்றனர். ஆட்டு மந்தைக்குப் பகையெனக் கூறி, 1830 இல் வான் டீமன் நிலக் கம்பனி அதன் தலைக்கு விலை வைத்தது. 1941 இல்தான் சட்டம் அதற்குக் காவலாயிற்று.

1996 இல் அதன் முகத்திற் கொடிய கட்டிகள் காணப்பட்டன. புற்றுநோய்தான், ஆனால், தொற்றும் புற்றுநோய். இரைக்காகவும் இணைக்காகவும் அவை முகத்திற் கடித்துப் பொருதும்போது, நோயுற்றதன் புற்றுக்கலங்களே மற்றதன் உடலிற் குடிபுகுந்து பெருகுகின்றன. என்றோ மாண்ட ஒரு பெண்விலங்கின் கலம், உடல்விட்டு உடல் மாறி, ஒட்டுண்ணியாய் இன்றும் வாழ்கிறது! பல இடங்களில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை அழிந்தன.

“அவற்றின் உடல் ஏன் எதிர்க்கவில்லை, சேர்?” என்றான் ஒருவன்.

“உறவுக்குள்ளேயே கலந்து இரத்தம் ஒன்றாகிவிட்டது. அந்நியக் கலத்தை இனங்காண இயலவில்லை” என்றேன், என்றோ படித்த துணிவில்.

முன்வரிசையில் ஒரு மாணவி தலை குனிந்தாள். மணியடித்த பின் அருகில் வந்து, “சேர், எங்கடை அம்மாவும் அப்பாவும் மச்சான், மச்சாள். தம்பி எப்பவும் வருத்தக்காரன்...” என்றாள். என் நா எழவில்லை.

பின்னர் தேடிப் படித்தேன். ஒருகாலத்தில் விஞ்ஞானிகளும் அவ்வாறே எண்ணினர். அவ்விலங்குகளின் பரம்பரை அலகுகளில் வேற்றுமை குறைவென்பதும் உண்மை. ஆனால், ஒன்றின் தோலை மற்றதன்மேல் ஒட்டிப் பார்த்தபோது, உடல் அதனை ஏற்காது தள்ளிவிட்டது. அந்நியனை இனங்காண அவை அறியும்! 2013 இல் வெளியான ஆய்வு புதிரை அவிழ்த்தது: புற்றுக்கலமே தன் அடையாளக் குறிகளை மறைத்துக்கொண்டு நுழைகிறது. சில தலைமுறைகளுக்குள்ளேயே அவற்றின் பரம்பரை அலகுகள் நோயை எதிர்க்கும் திசையில் மாறத் தொடங்கியதை 2016 இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று.

அடுத்த பாடத்தில், “நான் சொன்னது பிழை” என்று தொடங்கினேன். அம்மாணவியைத் தனியே அழைத்து, “தம்பியின் வருத்தத்துக்குக் காரணம் வைத்தியர் சொல்லட்டும், பிள்ளை. அதைச் சொல்ல நான் யார்?” என்றேன்.

வீழ்ந்தவனின் இரத்தத்திற் குற்றங் காண்பது எளிது. வேடமிட்டு வந்த பகையை ஆராய்வதற்கே உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பின்றி நான் வாய் திறந்தேன். அதன் விலையை ஒரு சிறுமி கொடுத்தாள்.